ஒரு மாத்திரை, ஆறு கிலோ பேரீச்சை

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஹீமோகுளோபின் ஒன்பது என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் அன்றைக்கே இரண்டு காரியம் நடக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். வீட்டுப் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். ஒரு கிலோ பேரீச்சம்பழம், கால் கிலோ கறுப்பு உலர் திராட்சை, கையில் கொஞ்சம் காசு இருந்தால் நாரில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் அத்திப்பழம். “மாத்திரை சூடும்மா, குமட்டும். தினம் நாலு பழம் சாப்பிடு, தானா ரத்தம் ஊறும்” என்று மருமகளிடம் அத்தை சொல்வதில் அக்கறைக்குக் குறைவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி குத்திப் பார்த்தால் ஒன்பது ஒன்பதாகவே நிற்கும். சில நேரம் எட்டரைக்கு இறங்கியிருக்கும்.

பழம் நல்ல பழம்தான். நாம் அதன் தலையில் ஏற்றிய சுமைதான் அதிகம்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்து அட்டவணைப்படி நூறு கிராம் பேரீச்சையில் உள்ள இரும்பு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். கடையில் கூடுதல் விலைக்கு விற்கும் மெட்ஜூல் ரகத்தில் அதைவிடவும் சற்றுக் குறைவு, 0.9. உலர் திராட்சையில் 1.9, உலர் அத்தியில் 2, உலர்ந்த ஆப்ரிகாட்டில் 2.7. ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, மாதவிடாய் நிற்காத வயதிலுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு உணவில் 29 மி.கி. இரும்பு வேண்டும் என்கிறது. ஆணுக்கு 19 மி.கி. நாலு பழம் என்பது கொட்டை நீக்கினால் முப்பது கிராம் தேறும். அதில் கிடைப்பது 0.3 மி.கி. தேவையில் நூற்றில் ஒரு பங்கு. மொத்தத்தையும் பேரீச்சையிலிருந்தே எடுப்பேன் என்று ஒருத்தி பிடிவாதம் பிடித்தால் தினம் மூன்று கிலோ சாப்பிட வேண்டும். கூடவே எண்ணாயிரம் கலோரியும் ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையும் உள்ளே போகும்.

“எங்கள் புத்தகத்தில் வேறு எண் போட்டிருக்கிறதே” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயம்தான். ஹைதராபாத் நிறுவனத்தின் பழைய அட்டவணை, பல தலைமுறை மாணவர்கள் படித்தது, உலர் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் ஏழு மில்லிகிராமுக்கு மேல் கொடுத்திருந்தது. பத்திரிகைகளின் ‘மருத்துவக் குறிப்பு’ மூலைகளில் இன்றும் வாழ்வது அந்த எண்தான். உலர்த்தும் களத்து மண், காற்றில் வந்த தூசி, இடிக்கிற இயந்திரத்தின் இரும்பு எல்லாம் ஆய்வுக்கூடத்துச் சாம்பலில் சேர்ந்துகொள்ளும்; அப்படி ஒட்டி வந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராது. அதே பழைய அட்டவணையில் அவலுக்கு 20 மி.கி. என்று இருந்தது, 2017-இல் வந்த புதிய அட்டவணையில் ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. சரி, பழைய எண்ணையே வைத்துக்கொண்டாலும் நாலு பழத்துக்கு இரண்டு மில்லிகிராம். இருபத்தொன்பதுக்கு இன்னும் வெகுதூரம்.

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையை இந்தத் தராசின் மறுதட்டில் வைத்துப் பாருங்கள். அதில் இரும்பு மட்டும் 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். இரும்புக்கு இரும்பு என்று எடை போட்டால் ஒரு மாத்திரை ஆறு கிலோ பேரீச்சைக்குச் சமம். அலமாரி மேல்தட்டில் எறும்பு மொய்க்காமல் பத்திரமாக இருப்பது அதுதான்.

இன்று உங்கள் இரும்பைச் சாப்பிட்டீர்களா?

நம் ஊரில் இந்த நம்பிக்கைக்கு நிறம்தான் வேர். ரத்தம் சிவப்பு, ஆகவே பீட்ரூட். ரத்தம் சிவப்பு, ஆகவே மாதுளை. கறுஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறது, ஆகவே பேரீச்சை. நூறு கிராம் மாதுளையில் 0.3 மி.கி. இரும்பும் பீட்ரூட்டில் 0.8 மி.கி.யும் இருக்கின்றன. பச்சை நிறத்து முருங்கைக்கீரை இவை எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிடும்: நூறு கிராமில் ஏறத்தாழ நாலு மில்லிகிராம். ஆனால் ரத்தத்தின் நிறத்தில் இல்லாததால் அதற்கு அந்தப் பெருமை அரைகுறையாகத்தான் கிடைக்கிறது.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே நம்பிக்கையை விளம்பரம் உருவாக்கியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ என்ற வட்டாரம் திராட்சைக்கும் கொளுத்தும் வெயிலுக்கும் பேர்போனது. அங்குள்ள விவசாயிகள் 1912-இல் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். சிவப்புத் தொப்பி போட்ட பெண் திராட்சைக் கூடை ஏந்தி நிற்கும் ‘சன்-மெய்ட்’ அட்டைப்பெட்டி அவர்களுடையது. விளைச்சல் பெருகிக்கொண்டே போனது. கிறிஸ்துமஸ் கேக்கில் மட்டும் போட்டால் தீராது. ஆண்டு முழுதும் மக்கள் தின்ன ஒரு காரணம் வேண்டியிருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அந்தக் காரணம் கிடைத்தது. ஐந்து சென்ட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: இன்று உங்கள் இரும்பைச் சாப்பிட்டீர்களா? இரும்பு என்ற சொல்லை ஆய்வுக்கூடத்திலிருந்து கடைத்தெருவுக்கு இழுத்து வந்ததில் அந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை மில்லிகிராம் என்று யாரும் கேட்கவில்லை. விளம்பரக்காரர்களுக்குச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இதில் அறிவியலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜார்ஜ் விப்பிள் என்ற நோயியல் அறிஞர், முதலில் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் பிறகு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரிலும், நாய்களை வைத்து ஒரு நீண்ட ஆராய்ச்சி செய்தார். நாய்களின் ரத்தத்தைத் தொடர்ந்து எடுத்து ஹீமோகுளோபினை வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கிவிடுவார்கள். பிறகு சத்துக் குறைந்த ஒருவகை ரொட்டியோடு ஒவ்வோர் உணவாகச் சேர்த்துக் கொடுத்து, எதைத் தின்றால் ரத்தம் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று அளப்பார்கள். பல ஆண்டுகள் நடந்த இந்த வேலையில் அவருக்குச் சமமாக உழைத்தவர் ஃப்ரீடா ராப்ஷைட்-ராபின்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. முதலிடம் ஈரலுக்கு வந்தது. அது எதிர்பார்க்கக்கூடியது. பழங்களில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றது: ஆப்ரிகாட். விப்பிளுக்கு 1934-இல் மைனாட், மர்ஃபி என்ற இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ராப்ஷைட்-ராபின்ஸின் பெயர் பட்டியலில் இல்லை.

அந்த நோபல் பரிசில் ஒரு வேடிக்கை உண்டு. மைனாட்டும் மர்ஃபியும் ஈரலைக் கொடுத்துக் குணப்படுத்தியது, அக்காலத்தில் ஆளைக் கொன்றுகொண்டிருந்த ‘பெர்னீஷியஸ்’ என்ற கொடிய சோகையை. அதற்குக் காரணம் இரும்பே இல்லை, பி12 குறைபாடு. விப்பிளின் நாய்களுக்கோ ரத்தம் எடுத்ததால் வந்த இரும்புக் குறைபாடு. ஈரலில் இரண்டும் இருந்ததால் இரண்டு நோயும் ஒரே மருந்துக்கு அடங்கின. ஆப்ரிகாட்டை வைத்து அவர்கள் தொடங்கியிருந்தால் அந்த நோயாளிகள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

வாயில் போவதும் ரத்தத்தில் ஏறுவதும்

அட்டவணை எண்ணைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. உண்ட இரும்பெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. இறைச்சி, மீன், ரத்தப் பொரியல் இவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்ற மூலக்கூறுக்குள் பொதிந்து வருகிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஏறும். தானியம், பருப்பு, கீரை, பழம் இவற்றின் இரும்பு வேறு வகை. சாப்பாட்டில் கூட என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு சதவீதமும் ஏறலாம், அபூர்வமாக இருபதும் ஏறலாம்.

வைட்டமின் சி இருந்தால் இந்த இரண்டாம் வகை இரும்பு நன்றாக ஏறும். உலர் பழத்தின் பலவீனம் இங்கேதான். வெயிலில் காயும்போது முதலில் பறிபோவது வைட்டமின் சி. இரும்பு இருக்கிறது, அதை ஏற்றிவிடும் கை போய்விட்டது. போதாக்குறைக்குத் திராட்சையின் கறுப்பு நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பாலிஃபினால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் உலர் திராட்சையை ஆய்வுக்கூடத்தில், குடல் செல்களின் மேல் வைத்துச் சோதித்தார்கள். அதன் இரும்பு மிகச் சொற்பமாகத்தான் உள்ளே போனது. அதே பாலிஃபினால்களைத்தான் ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ என்று வேறொரு பக்கத்தில் புகழ்கிறோம். இரண்டும் உண்மை.

தேநீரும் இதே கட்சி. சாப்பாட்டோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் அந்த வேளையின் இரும்பு ஏறுவது 64 சதவீதம் குறைந்தது, காபி குடித்தால் 39 சதவீதம் என்று 1983-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. இட்லி முடிந்த கையோடு டிகாக்‌ஷன் கேட்பவர்களும் பரோட்டாவுக்குப் பக்கத்திலேயே டீயை வைத்துக்கொள்பவர்களும் நாம். டீயை விட வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே தடை வெகுவாகக் குறைகிறது என்று 2017-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் இதைச் செய்வது கடினம் என்று தெரியும். பதினோரு மணி டீ, நாலு மணி டீ என்று இருக்கும் வழக்கத்தில் சாப்பாட்டோடு ஒட்டிய டீயை மட்டும் பிரித்தால் போதும்.

அசைவம் சாப்பிடும் குடும்பங்களில் பழைய மனுஷிகள் சொன்ன ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரல். கறிக்கடையில் விடியற்காலையில் போய்ச் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். ஆயுசு முடிந்த சிவப்பணுக்களைப் பிரித்து, அதிலுள்ள இரும்பைச் சேமிக்கிற உறுப்பு மண்ணீரல். ஆட்டுக்குட்டி மண்ணீரலில் நூறு கிராமுக்கு 40 மி.கி.க்கும் மேல் இரும்பு இருக்கிறது. அதில் ஹீம் இரும்பும் உண்டு. பேரீச்சைக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு சுவரொட்டிக்குக் கிடைத்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை. கோழி ஈரல் நூறு கிராமில் ஒன்பது மில்லிகிராம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலில் நிதானமாக இருக்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு அதிகம்.

சைவக்காரர்களுக்கும் வழி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சமையல் புத்தி வேண்டும். கம்பில் நூறு கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, எள்ளில் பதினாலு. இரண்டிலும் ஃபைட்டிக் அமிலம் இருந்து இரும்பைக் கட்டிப்போடும். ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது உடையும். முதல்நாள் இரவு கரைத்துப் புளிக்கவிட்ட கம்பங்கூழும் முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவும் அதனால்தான் பச்சை மாவைவிட மேல். கீரைப் பொரியலின் மேல் இறக்கும்போது பிழிந்த அரை எலுமிச்சை, சாப்பிட்டதும் ஒரு கொய்யாத் துண்டு அல்லது நெல்லிக்காய்: இந்தச் சின்ன மாற்றங்கள் நாலு பேரீச்சை கொடுப்பதைவிட அதிகம் கொடுக்கும். நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, விலையும் அத்திப்பழத்தின் பக்கத்தில் நிற்காது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பும் குழம்பில் கரைந்து வரும். நான்-ஸ்டிக் வந்தபோது பரணுக்குப் போன அந்தச் சட்டியை இறக்கித் துடைக்கலாம்.

ஓட்டை எங்கே?

ரத்தசோகை என்றால் இரும்பைக் கொட்டிக்கொண்டே இருப்பது மட்டுமே வைத்தியம் என்று நினைத்துவிடுகிறோம். நம் உடம்பில் மொத்தம் மூன்று நாலு கிராம் இரும்புதான் இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில். பழைய அணுக்களிலிருந்து பிரிந்ததையே உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. ஆரோக்கியமான ஆணுக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம்தான் நஷ்டம். ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி புரியும். மாதம் ஏழெட்டு நாள் பெரும்போக்காக ரத்தம் படுகிற பெண்ணுக்குப் பழமும் போதாது, சில நேரம் மாத்திரையும் போதாது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர் குடலில் கொக்கிப்புழு இருந்தால், ஒவ்வொரு புழுவும் தினம் ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் நாளைக்குப் பல மில்லிலிட்டர். ஐம்பது வயது ஆணுக்கு ஹீமோகுளோபின் பத்து என்று வந்தால் அவருக்குப் பேரீச்சை வாங்கிக் கொடுப்பது ஆபத்தான அன்பு. வயிற்றுப் புண், மூலம், குடலில் கட்டி, இதில் எது என்று தேடியாக வேண்டும்.

இரும்பே காரணமில்லாத சோகையும் நம்மிடம் நிறைய. 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், ஆலைத் தொழிலாளிகளான ஏழைக் கர்ப்பிணிகளிடம் ஒரு கடுமையான சோகையைப் பார்த்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் தேறினார்கள். அதில் இருந்தது பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. இன்று சிவப்பு மாத்திரைக்குள் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பதன் கதை அங்கே தொடங்குகிறது. 2016 முதல் 2018 வரை இந்தியா முழுதும் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் ரத்த நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து நடத்திய தேசிய ஆய்வில், சோகை இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இரும்புக் குறைபாடு காரணமாக இருந்தது. பி12, ஃபோலேட் குறைபாடும் நாள்பட்ட தொற்றும் தலசீமியா போன்ற பிறவிக் கோளாறுகளும் மீதியில் வருகின்றன. ஃபெரிட்டின் என்ற ஒரு சோதனையை ஹீமோகுளோபினோடு சேர்த்து எடுத்தால் இரும்பு இருப்பு தெரிந்துவிடும். ஏனோ நம் ஊரில் அதை எழுதிக் கொடுப்பவர்களும் குறைவு, கேட்பவர்களும் குறைவு.

இருந்தாலும் பிரச்சினையின் அளவு சின்னதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளந்தது, அளவுகோலே நமக்குப் பொருந்தாது என்று விஞ்ஞானிகளிடையே சண்டை நடக்கிறது. சண்டை முடிந்து எண் பாதியாகக் குறைந்தாலும், நாலு பெண்களில் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள் என்றுதான் அர்த்தம்.

அப்படியானால் பழம் எதற்கு?

இரும்புப் பட்டத்தை எடுத்துவிட்டால் உலர் பழத்துக்குச் சொந்தமாகவே சில பெருமைகள் இருக்கின்றன. உலர்த்துவது என்பது நீரைக் கழிப்பது. நாலு கிலோ திராட்சை ஒரு கிலோ கிஸ்மிஸ் ஆகிறது, நாரும் சீனியும் தாதுவும் அந்தச் சின்ன இடத்தில் அடர்ந்துவிடுகின்றன. நார்ச்சத்து பேரீச்சையில் நூறு கிராமுக்கு ஏழெட்டு கிராம், உலர் அத்தியில் பத்துக்குப் பக்கம். பொட்டாசியம் பேரீச்சையில் 650 மி.கி.க்கு மேல், ஆப்ரிகாட்டில் ஆயிரத்தையும் தாண்டும். அத்தியில் 160 மி.கி. சுண்ணாம்புச் சத்து. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு பேரீச்சையும் ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் கொடுத்தால் அது எல்லா விதத்திலும் நல்ல மாற்றம். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும், பல்லில் ஒட்டும். சர்க்கரை நோயாளிக்கு ஒன்றிரண்டு தடையில்லை, ஆனால் அதை இனிப்பாகவே கணக்கில் வைக்க வேண்டும். நூறு கிராம் பேரீச்சையில் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரைதான். சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

நம் கடைகளுக்கு வரும் கிஸ்மிஸில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ், சோலாப்பூர் பக்கத்திலிருந்தும் கர்நாடகத்தின் விஜயபுராவிலிருந்தும் வருகிறது. பறித்த குலையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் ‘டிப்பிங் ஆயில்’ என்று அவர்கள் சொல்லும் எத்தில் ஓலியேட்டும் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பழத்தின் மேலுள்ள மெழுகுப் படலம் விட்டுக்கொடுத்து நீர் சீக்கிரம் வெளியேறும். பிறகு அடுக்கடுக்காக வலை கட்டிய நிழற்கொட்டகையில் இரண்டு வாரம் போலக் காயும். பொன்னிறமாகப் பளபளப்பது கந்தகப் புகை காட்டியது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பேரீச்சை கட்ச் பகுதியில் விளைகிறது என்றாலும் மழைக்கு முன்னால் ஜூன், ஜூலையிலேயே மஞ்சளும் சிவப்புமாகக் காயாகவே பறித்துவிடுகிறார்கள். பாக்கெட்டில் வரும் கனிந்த பழம் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தும் ஈராக், ஈரானிலிருந்தும் கப்பலில் வந்தது.

இந்தப் பழங்கள் சோகைக்கு உதவும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது யாரும் விளம்பரம் செய்யாத வழி. இரும்பு மாத்திரையைப் பெண்கள் பாதியில் நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். குமட்டுகிறது, நெஞ்சு கரிக்கிறது, கறுப்பாகப் போகிறது, நாலு நாளாகப் போகவே இல்லை. கறுப்பாகப் போவது சாதாரணம், உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. மலச்சிக்கல்தான் நிஜமான எதிரி. கர்ப்பிணிக்கு அது ஏற்கெனவே பாதி இருக்கும். மாத்திரை அதை முழுசாக்கும். அத்திக்கும் பேரீச்சைக்கும் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ப்ரூன்ஸ் என்ற உலர் பிளம்ஸுக்கும் உரிய இடம் இதுதான். ப்ரூன்ஸில் நாரோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் நூறு கிராமுக்குப் பதினாலு கிராம்போல இருந்து குடலுக்குள் நீரை இழுக்கும். மலச்சிக்கல் உள்ளவர்களை வைத்து 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ப்ரூன்ஸ், இசப்கோலையே முந்தியது.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்பு டானிக், குடற்புழு மாத்திரை எல்லாம் ஒன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்ததும் நெய்யும் பேரீச்சையும் தீரும், டானிக் மிஞ்சும். பெட்டியைச் சேர்த்தவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே பெண் சாப்பிடுவாள் என்று நினைத்திருப்பார்கள்.

மாத்திரையை ஒழுங்காக எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும். குமட்டல் தாங்காதவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப்போகும்போது போடலாம்; கொஞ்சம் குறைவாக ஏறும், ஆனால் நிறுத்திவிடுவதைவிட மேல். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. இன்றைக்கு ஒரு பெரிய அளவு இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை விட்டு ஒரு நாளுக்கு வாசலைச் சாத்திவிடும் என்பது இந்த நூற்றாண்டில் தெரியவந்த செய்தி. ஆகவே லேசான குறைபாடுள்ள பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலும் நன்றாக ஏறுகிறது என்று சூரிச்சில் செய்த ஆய்வுகள் காட்டின. கர்ப்பிணிகள் இதைத் தாங்களாகச் செய்துகொள்ள வேண்டாம். அவர்களுக்கு அரசு சொல்வது தினம் ஒன்று, 180 நாள். மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்பை நரம்பு வழியாக ஏற்றும் வசதி இருக்கிறது.

பழத்தையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடாமல் தள்ளி வைப்பது நல்லது. மாத்திரை ராத்திரி என்றால் பழம் காலையில். இரண்டு அத்தி, இல்லையென்றால் நாலு பேரீச்சை, தூசி போக ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டு முதல்நாள் இரவே அரை டம்ளர் தண்ணீரில் போட்டு மூடிவைக்கலாம். காலையில் பழத்தை மென்றுவிட்டு அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். பழத்திலிருந்து இறங்கிய பொட்டாசியமும் சர்க்கரையும் அதில் இருக்கும். அன்றைக்கு டீயில் சீனியைக் குறைத்துக்கொள்ளலாம்.